டிவிடி டிரைவ் காணாம போச்சு, புது டிரைவ் மாட்டினாலும் அதே கோட் 39, யாராவது உதவுங்க

காவிரிக்கடைமடை:

வணக்கம் நண்பர்களே. ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். எது முக்கியம் எது முக்கியமில்லன்னு எனக்கு பிரிச்சு சொல்லத் தெரியல, அதனால நடந்தத அப்படியே எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

2007ல எங்க அக்கா பையன் காதுகுத்துக்கு எடுத்த வீடியோ ரெண்டு டிவிடியா வீட்ல இருக்கு. ரெண்டாவது டிஸ்க்ல எங்க அப்பத்தா நடவுப்பாட்டு பாடுது. பந்தல்ல பாய் மேல உக்காந்து, வெத்தலய ஒரு பக்கம் ஒதுக்கிக்கிட்டு, யாரோ கேட்டாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் பாடும், பின்னாடி நாலஞ்சு பொம்பளைங்க குலவை போடுவாங்க. அப்பத்தா போன தையில தவறிருச்சு. அது குரல் வேற எங்கயுமே எங்ககிட்ட இல்ல, போன்லயும் இல்ல. வர்ற தையில தலைதிவசம், அதுக்குள்ள இத காப்பி எடுத்து சிங்கப்பூர்ல இருக்கற அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும் அனுப்பிரணும்னுதான் இந்த வேலைய ஆரம்பிச்சேன்.

சிஸ்டம் 2013ல அசெம்பிள் பண்ணது. முதல்ல விண்டோஸ் 7, அப்புறம் அது மேலயே விண்டோஸ் 10 அப்கிரேடு. உள்ள இருக்கறது சாட்டா டிவிடி ரைட்டர். அதோட வந்த ஒரு பழைய பர்னிங் சாஃப்ட்வேர் ஏற்கனவே போட்டிருந்தேன். டிஸ்க்க ஐஎஸ்ஓவா, அதாவது மொத்த டிஸ்க்கையும் ஒரே ஃபைலா எடுக்கணும்னு நெட்ல பாத்து ஒரு விர்ச்சுவல் டிரைவ் சாஃப்ட்வேர் போட்டேன், அது சரியா வரலன்னு இன்னொரு பர்னிங் சாஃப்ட்வேர் ட்ரையல் போட்டேன். அன்னைக்கு முதல் டிஸ்க் நல்லாவே காப்பி ஆச்சு. ரெண்டாவது போட்டப்ப சிஸ்டம் அப்படியே தொங்கிருச்சு. ரீஸ்டார்ட் பண்ணி, சாஃப்ட்வேர் நெறைய ஆயிருச்சோன்னு விர்ச்சுவல் டிரைவையும் அந்த ட்ரையலையும் அன்இன்ஸ்டால் பண்ணேன், மிச்சம் மீதி போகட்டும்னு ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரும் (விண்டோஸோட செட்டிங்ஸ் பதிவுகள சுத்தம் பண்ற சாஃப்ட்வேர்) ஓட்டினேன். மறுபடி ஆன் பண்ணா 'திஸ் பிசி'ல டிவிடி டிரைவே இல்ல. டிவைஸ் மேனேஜர்ல டிரைவ் பேர் இருக்கு, மேல மஞ்சள் முக்கோணம், உள்ள போனா "விண்டோஸ் கேனாட் லோடு த டிவைஸ் டிரைவர் ஃபார் திஸ் ஹார்டுவேர்", கோட் 39.

பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்கு தூக்கிட்டு போனேன், டிரைவ் போயிருச்சு புதுசு போடுங்கன்னுட்டாங்க. சரின்னு யுஎஸ்பில மாட்டற வெளி டிரைவ் ஒண்ணு வாங்கிட்டு வந்து சொருகினேன். அதுக்கும் அதே மஞ்சள் முக்கோணம், அதே 39! டிரே திறக்குது, டிஸ்க் போட்டா சுத்தற சத்தம் கேக்குது, பச்ச லைட்டு ரெண்டு தடவ கண் சிமிட்டிட்டு அணைஞ்சிருது, அவ்வளவுதான்.

ஃபார்மேட் அடிக்க சொல்றாங்க. அடிக்க எனக்கு மனசில்ல, வேற முக்கியமான வேலையெல்லாம் அந்த சிஸ்டத்துலதான் இருக்கு. வழி இருந்தா சொல்லுங்க.

ஸ்பீடு_பாண்டி:

ப்ரோ கேபிள் மாத்தி பாத்தீங்களா? சாட்டா கேபிள் லூஸா இருந்தா இப்படித்தான். லென்ஸும் தொடச்சு பாருங்க. டிவைஸ் மேனேஜர்ல ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் குடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணா தானா டிரைவர் எடுத்துக்கும்.

காவிரிக்கடைமடை:

கேபிள் மாத்தினேன் ப்ரோ, போர்ட்டும் மாத்தினேன். அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் மூணு தடவ ஆச்சு, டிரைவ் பேர் வருது, கூடவே 39ம் வருது.

பழைய_அசெம்பிளர்:

தம்பி, உங்க ரெண்டு டிரைவும் நல்லா இருக்கு. தயவுசெஞ்சு இனிமே காசு செலவு பண்ணாதீங்க, ஃபார்மேட்டும் வேண்டாம். நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒம்போது வருஷம் சர்வீஸ் பெஞ்ச்ல உக்காந்தவன், இந்த ஒரே காரணத்துக்காக நல்ல டிரைவ கழட்டி குப்பையில போட்டத நெறைய பாத்திருக்கேன், மனசு கேக்காமத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நீங்க சொன்னதுலயே விடை இருக்கு. உள்ள இருக்கறது சாட்டா, வெளிய வாங்கினது யுஎஸ்பி. ரெண்டுக்கும் கேபிள் வேற, வழி வேற, கம்பெனி வேற. ஒரே நாள்ல ஒரே மாதிரி ரெண்டும் கெட்டுப் போகுமா? ரெண்டுக்கும் பொதுவா விண்டோஸ்ல இருக்கற ஏதோ ஒண்ணுதான் கெட்டிருக்கு. உறுதி பண்ணிக்கணும்னா ஒரு பென்டிரைவ்ல உபுண்டு போட்டு, இன்ஸ்டால் பண்ணாம 'ட்ரை'ன்னு மட்டும் குடுத்து பூட் பண்ணி, டிஸ்க்க உள்ள போட்டு பாருங்க. அங்க திறந்துச்சுன்னா டிரைவ் மேல பழி இல்லன்னு முடிவாயிருச்சு. இதுல உங்க ஹார்டு டிஸ்க்ல ஒரு எழுத்து கூட மாறாது, அதனால எப்பவும் இதத்தான் முதல்ல செய்யச் சொல்லுவேன்.

இப்ப என்ன நடந்திருக்கும்னு சொல்றேன். விண்டோஸ் டிவிடி டிரைவோட நேரடியா பேசறது இல்ல. நடுவுல ஒரு அடுக்கு இருக்கு. மையத்துல சிடிராம் டாட் சிஸ்னு விண்டோஸோட சொந்த டிரைவர். பர்னிங் சாஃப்ட்வேர், விர்ச்சுவல் டிரைவ் எல்லாம் அதுக்கு மேலயும் கீழயும் தங்களோட குட்டி டிரைவர சொருகி வச்சுக்கும், அதுக்கு ஃபில்டர் டிரைவர்னு பேரு. டிஸ்க்குக்கு போற ஒவ்வொரு கட்டளையும் அந்த ஃபில்டர் வழியாத்தான் போகும் வரும். யார் யார் மேல நிக்கணும்னு ரெஜிஸ்ட்ரில ஒரு பட்டியல் இருக்கும், அது அப்பர்ஃபில்டர்ஸ். கீழ நிக்கறவங்க பட்டியல் லோயர்ஃபில்டர்ஸ்.

கோளாறு எங்கன்னா, அந்தப் பட்டியல்ல இருக்கற ஒருத்தர் வரலன்னா விண்டோஸ் அவர விட்டுட்டு மத்தவங்கள வச்சு ஓட்டாது. மொத்த அடுக்கையும் ஏத்த மாட்டேன்னு நிறுத்திரும். அதுதான் உங்க கோட் 39. இதே காரணத்துக்கு சில சிஸ்டத்துல 19, 31, 32, 41னும் வரும். அன்இன்ஸ்டால் பண்றப்ப சாஃப்ட்வேர் தன்னோட சிஸ் ஃபைல, அதாவது டிரைவர் ஃபைல எடுத்துக்கிட்டு போயிருது, பட்டியல்ல பேர மட்டும் அழிக்க மறந்திருது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் அதுக்கு மேல, சர்வீஸ் பதிவ அழிச்சிட்டு பட்டியல தொடாம விட்டுரும். பட்டியல் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனியா இல்ல, சிடி டிவிடிங்கற வகைக்கே ஒரு பட்டியல்தான், அதனாலதான் நேத்து வாங்கின யுஎஸ்பி டிரைவும் மாட்டிக்கிச்சு.

ரெஜிஸ்ட்ரிக்குள்ள போறதுக்கு முன்னாடி ரீஸ்டோர் பாயின்ட் ஒண்ணு வச்சிருங்க. அப்புறம் ரெஜ்எடிட் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ்னு போங்க. அங்க வளைவு அடைப்புக்குறிக்குள்ள நீளநீளமா நம்பர் போட்ட ஃபோல்டரா இருக்கும். 4டி36இ965னு ஆரம்பிக்கறத திறங்க. வலது பக்கம் மேல டிஃபால்ட்டுக்கு நேரா "டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ்"னு இருக்கணும், கிளாஸ்ங்கற இடத்துல சிடிராம்னு இருக்கணும். இருந்தாத்தான் சரியான இடம். அந்த ஃபோல்டர ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் எடுத்து பென்டிரைவ்ல வைங்க. அழிக்காதீங்க, முதல்ல அப்பர்ஃபில்டர்ஸ்ல எத்தன வரி இருக்கு, என்னென்ன பேருன்னு பாத்துட்டு வாங்க.

டெக்_ராஜபாட்டை:

எதுக்கு இவ்வளவு கதை, அப்பர்ஃபில்டர்ஸ் லோயர்ஃபில்டர்ஸ் ரெண்டையும் டெலீட் பண்ணிட்டு ரீஸ்டார்ட் அடிங்க, முடிஞ்சது. நான் பத்து சிஸ்டத்துல பண்ணிருக்கேன்.

பழைய_அசெம்பிளர்:

ராஜபாட்டை தம்பி சொல்றதுல தப்பில்ல. 965ங்கற அந்த ஒரு ஃபோல்டர்ல அத மொத்தமா அழிச்சாலும் டிரைவ் வந்துரும், சிடிராம் டாட் சிஸ்ஸுக்கு ஃபில்டர் கட்டாயம் இல்ல. மைக்ரோசாஃப்டே அவங்க ஹெல்ப் பக்கத்துல அப்படித்தான் சொல்லிருக்காங்க. ஆனா ரெண்டு விஷயத்துக்காக நான் வரி வரியா போகச் சொல்றேன்.

ஒண்ணு, வேலை செய்யற சாஃப்ட்வேரோட ஃபில்டரும் சேந்து போயிரும். உதாரணத்துக்கு ஐட்யூன்ஸ் போட்டிருந்தா பட்டியல்ல கியர்ஆஸ்பின்னு ஆரம்பிக்கற ஒரு பேர் இருக்கும், அத எடுத்துட்டா ஐட்யூன்ஸ்ல சிடி எழுத முடியாது, திரும்ப இன்ஸ்டால் பண்ண வேண்டி வரும். அது பரவால்ல, சமாளிச்சுக்கலாம்.

ரெண்டாவதுதான் எனக்கு பயம். அந்த கிளாஸ் ஃபோல்டருக்குள்ள எல்லாமே பாக்க ஒரே மாதிரி இருக்கும். 4டி36இ965 சிடி டிரைவு. 4டி36இ967 ஹார்டு டிஸ்க்கு. 96பி கீபோர்டு, 96எஃப் மவுஸு. வித்தியாசம் கடைசில ஒரே ஒரு எழுத்து. ஹார்டு டிஸ்க் ஃபோல்டர்லயும் அப்பர்ஃபில்டர்ஸ் இருக்கும், அதுல பார்ட்எம்ஜிஆர்னு விண்டோஸோட சொந்த டிரைவர் நிக்கும். கடையில என்கூட இருந்த ஒரு பையன் அவசரத்துல 965க்கு பதிலா 967ல டெலீட் அடிச்சிட்டான். ரீஸ்டார்ட் பண்ணா நீலத் திரை, இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ், 7பி எர்ரர். கஸ்டமர் கணக்குப்பிள்ளை, மார்ச் மாசக் கடைசி, அவர் கடை முன்னாடியே நின்னுட்டு இருக்கார். ரிக்கவரி சிடில பூட் பண்ணி, சிஸ்டம் ஹைவ (ரெஜிஸ்ட்ரி ஃபைல) கையால ஏத்தி, பார்ட்எம்ஜிஆர திரும்ப எழுதி எழுப்பறதுக்கு ராத்திரி பதினொண்ணு ஆச்சு. அந்த பையன் முகம் இன்னும் என் கண்ணுல இருக்கு. அதனாலதான் எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட்னு அடிச்சுக்கறேன்.

யாழ்_வலை:

வணக்கம். எனக்கும் போன வருசம் இதே கரைச்சல் வந்தது, ஆனா கொஞ்சம் வேற மாதிரி. என்ர மெஷின்ல பயோஸில ட்ரைவ் தெரியுது, விண்டோஸில டிவைஸ் மேனேஜரிலயே பேர் இல்லை, மஞ்சள் அடையாளமும் இல்லை. விண்டோஸ் 10க்கு மாறினாப் பிறகு வந்தது. அப்பர்ஃபில்டர்ஸ் பாத்தன், ஒண்டுமே இல்லை. கடைசியா ரெஜிஸ்ட்ரியில சேர்விசஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள ஏடிஏபிஐ எண்டதைத் திறந்து, அதுக்குள்ள கன்ட்ரோலர்0 எண்டு ஒரு கீ போட்டு, எனும்டிவைஸ்1 எண்டு ஒரு டிவேர்ட் உண்டாக்கி 1 குடுத்து ரீஸ்டார்ட் பண்ணினாப் பிறகு ட்ரைவ் வந்திட்டுது. இதுவும் மைக்ரோசாஃப்ட் சொன்ன வழிதான். இவருக்கு 39 வாறபடியால் இது தேவைப்படாது எண்டு நினைக்கிறன், ஆனா இதே தலைப்பைத் தேடி வாற ஆக்களுக்கு உதவும்.

பழைய_அசெம்பிளர்:

சரியா சொன்னீங்க. பேரே வரலன்னா உங்க வழி, பேர் வந்து மஞ்சள் முக்கோணம் வந்தா ஃபில்டர் வழி. இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கக் கூடாது.

ஸ்டுடியோ_தேனி:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும் அண்ணே. எங்க ஸ்டுடியோவுல பழைய கேசட்ட மாத்தறதுக்குன்னே ஒரு எக்ஸ்பி மெஷின் வச்சிருக்கோம், கேப்சர் கார்டு அதுலதான் ஓடும். டிவிடி டிரைவ் நல்லா தெரியுது, ஆனா எழுத ஆரம்பிச்சா மவுஸ் கூட நகராது, முன்னாடி கால் மணி நேரத்துல முடிஞ்சது இப்ப ஒரு மணி நேரம் ஆகுது. இதுவும் இந்த ஃபில்டர் பிரச்சனையா?

பழைய_அசெம்பிளர்:

இல்ல, உங்களது டிஎம்ஏ பிரச்சனை, அதாவது பிராசஸர தொந்தரவு பண்ணாம டேட்டா நேரா மெமரிக்கு போற வேகமான வழி அடைஞ்சிருக்கு. ஐடிஇ டிரைவா (சாட்டாவுக்கு முன்னாடி வந்த பழைய வகை) இருக்கும். எக்ஸ்பில ஒரு பழக்கம், படிக்கறப்ப டைம்அவுட்டோ சிஆர்சி தப்போ (டேட்டா சரியா வந்துச்சான்னு பாக்கற சோதனைல வர்ற தப்பு) மொத்தமா ஆறு தடவ சேந்துச்சுன்னா வேகத்த ஒவ்வொரு படியா குறைச்சு கடைசில எல்லா டேட்டாவும் பிராசஸர் வழியாவே போற பிஐஓங்கற மெதுவான மோடுக்கு கொண்டு போய் விட்டுரும், அப்புறம் தானா மேல வராது. கீறல் விழுந்த டிஸ்க் நாலு போட்டாலே போதும். டிவைஸ் மேனேஜர்ல செகண்டரி ஐடிஇ சேனல் பிராப்பர்ட்டீஸ்ல கரண்ட் மோட் பாருங்க, பிஐஓன்னு இருந்தா அந்த சேனல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, திரும்ப புதுசா எடுத்துக்கும்.

காவிரிக்கடைமடை:

அண்ணே, முதல்ல உபுண்டு பென்டிரைவ் போட்டேன். ரெண்டு டிரைவும் தெரியுது! முதல் டிஸ்க் திறந்து வீடியோவே ஓடுச்சு. அப்பவே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.

அப்புறம் விண்டோஸ்ல வந்து 965 ஃபோல்டர்ல டிவிடி/சிடி-ராம்னு ரெண்டு தடவ படிச்சு பாத்து எக்ஸ்போர்ட் எடுத்தேன். லோயர்ஃபில்டர்ஸ் இல்லவே இல்ல. அப்பர்ஃபில்டர்ஸ்ல மூணு வரி இருக்கு. ஒரு பேர் அந்த பழைய பர்னிங் சாஃப்ட்வேர் பேர் மாதிரியே இருக்கு. மத்த ரெண்டும் எழுத்தும் நம்பருமா புரியாத பேரு. எது யாரோடதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பழைய_அசெம்பிளர்:

சுலபம் தம்பி. அங்க இருக்கற ஒவ்வொரு வரியும் ஒரு சர்வீஸ் பேரு. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து எஸ்சி, ஸ்பேஸ், க்யூசி, ஸ்பேஸ், அந்தப் பேரு, எண்டர். பைனரி பாத் நேம்னு ஒரு வரி வந்து சிஸ் ஃபைல் எங்க இருக்குன்னு காட்டும். பொதுவா சிஸ்டம்32 உள்ள டிரைவர்ஸ் ஃபோல்டர்ல இருக்கும், போய் ஃபைல் நிஜமாவே இருக்கான்னு கண்ணால பாருங்க. அப்படி ஒரு சர்வீஸே இல்லன்னு 1060 எர்ரர் வந்துச்சுன்னா அது அனாதப் பேரு. சர்வீஸ் இருந்து ஃபைல் இல்லன்னா அதுவும் அனாததான்.

அனாதைய மட்டும் எடுங்க. அப்பர்ஃபில்டர்ஸ டபுள் கிளிக் பண்ணா குட்டி பெட்டில வரி வரியா வரும், அந்த வரிய அழிங்க, நடுவுல வெத்து வரி விடாம மேல ஏத்தி விட்டுட்டு ஓகே குடுங்க.

இதப் படிக்கற மத்தவங்களுக்காக ஒண்ணு. சில நேரம் கிளாஸ் பட்டியல் சுத்தமா இருந்தும் 39 போகாது. அப்ப அந்த ஃபில்டர் தனி டிரைவோட பதிவுல, ரெஜிஸ்ட்ரில எனும்னு இருக்கற ஃபோல்டருக்குள்ள உக்காந்திருக்கும். 2005ல சோனி பிஎம்ஜி பாட்டு சிடிகள்ல எக்ஸ்சிபின்னு ஒரு காப்பி தடுப்பு சாஃப்ட்வேர வச்சு வித்தாங்க, போட்டவங்க கம்ப்யூட்டருக்குள்ள அது தானா ஒளிஞ்சுக்கும். மார்க் ரஸ்ஸினோவிச்னு ஒருத்தர் தன்னோட கம்ப்யூட்டர்லயே அத கண்டுபிடிச்சு, ஃபைல்கள கையால அழிச்சாரு, ரீஸ்டார்ட் பண்ணா அவரோட சிடி டிரைவே காணாம போயிருந்துச்சு. அதே கதைதான், ஃபைல் போச்சு, ஃபில்டர் பட்டியல்ல பேர் நின்னுச்சு. அவர் சிஸ்டம் அக்கவுண்ட்ல ரெஜ்எடிட் திறந்து எனும் ஃபோல்டர்ல இருந்த பேர எடுத்த பிறகுதான் டிரைவ் திரும்ப வந்துச்சு. அந்த ஃபோல்டர்ல கை வைக்க சாதாரண அட்மின் உரிமை போதாது. உங்களுக்கு அந்த அளவுக்கு போகாதுன்னு நம்பறேன்.

காவிரிக்கடைமடை:

வந்துருச்சு அண்ணே!! டிரைவ் வந்துருச்சு!!

நடந்தத சொல்றேன். முதல் பேருக்கு ஃபைல் இருக்கு. ரெண்டாவதுக்கு 1060. மூணாவதுக்கு சர்வீஸ் இருக்கு ஆனா டிரைவர்ஸ் ஃபோல்டர்ல ஃபைல் இல்ல, தேதி வாரியா கூட அடுக்கி பாத்துட்டேன், இல்லவே இல்ல. கீழ ரெண்டு வரியையும் எடுத்தேன். ஓகே குடுத்தப்ப வெத்து ஸ்ட்ரிங் இருக்கக் கூடாதுன்னு ஒரு எச்சரிக்கை வந்துச்சு, கடைசில ஒரு வெத்து வரி விட்டிருக்கேன் போல, அதுவே எடுத்துருச்சு. ரீஸ்டார்ட் பண்றப்ப கை நடுங்குச்சு, பொய் சொல்லல. ஆன் ஆகி வந்தா உள் டிரைவும் இருக்கு, யுஎஸ்பியும் இருக்கு, மஞ்சள் முக்கோணம் ரெண்டுலயும் இல்ல.

ஆனா ரெண்டாவது டிஸ்க் இப்பவும் படுத்துது. காப்பி போட்டா 71 சதவீதம் வரைக்கும் வருது, அதுக்கப்புறம் கர்ர் கர்ர்னு சத்தம், சிஸ்டம் தொங்குது. அன்னைக்கு முதல்ல தொங்கினதும் இதனாலதான்னு இப்ப புரியுது. டிஸ்க்க ட்யூப்லைட்டுல காட்டி பாத்தேன், வெளி ஓரத்துல ஒரு கீறல், கட்டை விரல் அகலத்துக்கு சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. வேற எதாவது ஃபில்டர் மிச்சம் இருக்குமா?

பழைய_அசெம்பிளர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. 71ல நிக்கறது சாஃப்ட்வேர் இல்ல, டிஸ்க்கு. டிவிடி உள்ளேருந்து வெளிய பாத்து எழுதப்படுது, அதனால கடைசி பகுதி வெளி ஓரத்துலதான் இருக்கும், நீங்க பாத்த திட்டும் அங்கதான் இருக்கு.

விண்டோஸ் காப்பில இத எடுக்கவே முயற்சி பண்ணாதீங்க, அது கெட்ட இடத்துலயே முட்டி முட்டி நிக்கும். திரும்ப உபுண்டு பென்டிரைவ்ல போங்க, டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்கு, உபுண்டுல அதோட பேக்கேஜ் பேரு ஜிடிடிரெஸ்க்யூ. பிளாக் சைஸ் 2048னு குடுக்கணும், டேட்டா சிடி, டிவிடி ரெண்டுலயும் ஒரு செக்டார்ல (டிஸ்க்க படிக்கற சின்ன துண்டு) 2048 பைட் டேட்டா இருக்கும். முதல் சுத்துல நல்லா இருக்கற எல்லாத்தையும் எடுத்துட்டு கெட்ட இடத்த தாண்டி போயிரச் சொல்லுங்க, அப்புறம் ரெண்டாவது சுத்துல விட்டுப்போனத மட்டும் மூணு தடவ முயற்சி பண்ணச் சொல்லுங்க. எது எடுத்தாச்சு எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல அதுவே குறிச்சு வச்சுக்கும். அந்த ஃபைல மட்டும் பத்திரமா ஹார்டு டிஸ்க்ல வைங்க, பென்டிரைவ்ல விட்டா ரீஸ்டார்ட்ல போயிரலாம்.

இங்கதான் உங்க யுஎஸ்பி டிரைவ் உதவப் போகுது, அந்த காசு வீண் போகல. ஒரு லென்ஸ் படிக்க முடியாத செக்டார இன்னொரு லென்ஸ் படிச்சிரும், இது ரொம்ப சகஜம். உள் டிரைவ்ல எடுத்தத வச்சுக்கிட்டு அதே மேப் ஃபைலோட யுஎஸ்பி டிரைவ்ல தொடருங்க, பாக்கி இருக்கறத மட்டும் போய் கேக்கும். வீட்ல யார்கிட்டயாவது பழைய லேப்டாப் டிவிடியோட இருந்தா அதுலயும் ஒரு சுத்து ஓட்டுங்க. டிஸ்க்க தொடைக்கணும்னா ஈரமான பஞ்சுத்துணியால நடுவுலேருந்து வெளிய பாத்து நேரா தொடைங்க, வட்டமா தேய்க்கக் கூடாது. டூத்பேஸ்ட்டுனு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க.

ஸ்பீடு_பாண்டி:

அண்ணே ஒரு சந்தேகம், ஐஎஸ்ஓ எடுத்த பிறகு அத திறக்க திரும்ப விர்ச்சுவல் டிரைவ் போட்டா இதே பிரச்சனை வராதா?

பழைய_அசெம்பிளர்:

போடவே வேண்டாம். விண்டோஸ் 8லேருந்து ஐஎஸ்ஓவ டபுள் கிளிக் பண்ணாலே தனி டிரைவா திறந்துக்கும். டிஸ்க்ல எழுதணும்னா விண்டோஸ் 7லேருந்தே ரைட் கிளிக்ல பர்ன் டிஸ்க் இமேஜ்னு இருக்கு. பாக்கறதுக்கு விஎல்சி போட்டுக்கங்க, விண்டோஸ் 8லேருந்தே விண்டோஸோட பிளேயர்ல டிவிடி ஓடாது. ஒரே சிஸ்டத்துல ரெண்டு பர்னிங் சாஃப்ட்வேர் வைக்கற பழக்கத்த மட்டும் விட்ருங்க, ரெண்டும் ஒரே அடுக்குல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரும், இன்னைக்கு நல்லா ஓடினாலும் ஒண்ண எடுக்கற அன்னைக்குத்தான் தெரியும்.

காவிரிக்கடைமடை:

நாலு நாள் கழிச்சு எழுதறேன். உள் டிரைவ்ல முதல் சுத்து முடிஞ்சப்ப 300 எம்பிக்கு மேல பாக்கி நின்னுச்சு. யுஎஸ்பி டிரைவ்ல ராத்திரி முழுக்க விட்டேன், காலைல பாத்தா 40 எம்பிதான் பாக்கி. மச்சான் வீட்டு பழைய லேப்டாப்ல டிடிரெஸ்க்யூ போட்டு மேப் ஃபைலோட தொடர்ந்தேன், 2 எம்பிக்கும் கீழ வந்து நின்னுருச்சு, அதுக்கு மேல நகரல, நானும் விட்டுட்டேன்.

விஎல்சில திறந்து ஓட்டினேன். அப்பத்தா பாட்டு முழுசா இருக்கு. நடுவுல ஒரு எடத்துல படம் கட்டம் கட்டமா ஒடஞ்சு ரெண்டு செகண்டு நிக்குது, பாட்டு கூட அங்க ஒரு வார்த்தை விழுங்கிருச்சு. அம்மா அந்த வார்த்தை என்னன்னு தானே பாடி காட்டுனாங்க, அவங்களுக்கு அந்த பாட்டு தெரியும்னே எனக்கு இவ்வளவு நாளா தெரியாது. இப்ப அம்மா பாடினதையும் போன்ல பதிஞ்சு அதே ஃபோல்டர்ல வச்சிருக்கேன். ஐஎஸ்ஓவ ரெண்டு ஹார்டு டிஸ்க்ல காப்பி போட்டாச்சு, அக்காவுக்கும் அனுப்பியாச்சு.

அசெம்பிளர் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அந்த சர்வீஸ் கடைக்கு போய் கோட் 39 விஷயத்த பொறுமையா சொல்லிட்டு வந்தேன், 965 நம்பர ஒரு சீட்டுல எழுதி கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாங்க. 967ல கை வைக்கக் கூடாதுன்னு அதுக்கு கீழயே எழுதி குடுத்திருக்கேன்.